அறுபத்தொரு நாள்

பாடி மேம்பாலம் தெரிகிற இரண்டாம் மாடி அலுவலகம்.
ஒரு நாற்காலி மட்டும் காலி,
மேலே ஏசி சொட்டுவதால்.
அதில் உட்கார்ந்தேன்.

நான்காம் பக்கம், பதினோராவது கேள்வி:
இதற்கு முன் மருத்துவக் காப்பீடு இருந்ததா?

இருந்தது.
கட்டம் போதாமல்
முப்பத்தோரு வருஷம் என்பதை
ஓரத்தில் சாய்த்து எழுதினேன்.

அம்பத்தூர் எஸ்டேட், பம்பு கம்பெனி, ஸ்டோர்ஸ்.
வாஷர், பேரிங், கேஸ்கெட் என்று
எண்ணியெண்ணிக் கொடுத்த கை இது.
ஒரு வாஷர் குறைந்தாலும் சிவப்பு மையில் தெரியும்.

கழுத்தில் ஹேமப்ரியா என்று அட்டை தொங்கிய பெண்
கணினியைப் பார்த்தபடி கேட்டாள்:
"கம்பெனி பாலிசி என்னிக்கு முடிஞ்சது மேடம்?"

மே முப்பத்தொன்று.
மாலை போட்டார்கள்,
சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

"இன்னிக்கு ஜூலை முப்பத்தொண்ணு.
அறுபத்தொரு நாள் பிரேக்."

எங்கே போயின அறுபத்தொரு நாளும்?
கிராஜுவிட்டி செக்குக்குக் காத்தது கொஞ்சம்.
குளியலறைச் சுவரில் ஓதம், கொத்தனார் வந்த நாள், வராத நாள்.
ஓசூரில் மகன் வீடு.
அலாரம் வைக்காமல் தூங்கிய
ஒரு முழுத் திங்கட்கிழமை;
அதை மட்டும் திருப்பித் தரமாட்டேன்.
பர்ஸில் அந்த அட்டை பளபளத்துக்கொண்டே இருந்தது,
மார்ச் வரை செல்லும் என்று.
நான் ஓய்வு பெற்றதை
அதற்கு யாரும் சொல்லவில்லை.

மெஷின் ஷாப் தணிகைவேலுக்கும் அன்றுதான் மாலை.
நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட், பித்தப்பைக் கல், கண் விழித்திரை,
வருஷம் தவறாமல் கிளெய்ம்.
அவர் மனைவி ஏப்ரலிலேயே
மஞ்சள் பையோடு வந்து எழுதிக் கொடுத்துவிட்டாள்.
வீடு மாறும்போது கேஸ் கனெக்‌ஷன் மாறுவதுபோல
அவர் நோய்கள் எல்லாம்
சீனியாரிட்டியோடு புதுப் பாலிசிக்குக் குடிபோயின.

நானோ
கர்ப்பப்பை எடுத்தபோது ஒரே ஒருமுறை.
மற்ற வருஷமெல்லாம் தொடவில்லை.
தொடாததற்கும் கணக்கில்லை.

"இருந்தது, சரி மேடம்," என்றாள் ஹேமப்ரியா.
"தொடரல."

இருந்தது, தொடர்ந்தது.
இத்தனை வயதுக்கு மேல்
இரண்டும் வேறு வேறு என்று தெரிகிறது.

டாப்-அப் மட்டுமாவது கொடுங்கள் என்றேன்.
விலை குறைவு.
"முதல் அஞ்சு லட்சம் உங்க பொறுப்பு,
அதுக்கு மேலதான் நாங்க."
தரைத்தளம் இல்லாத மாடி.
சரிதான், வேளச்சேரியில் வெள்ளத்துக்குப் பிறகு
தூண்மேல்தானே எல்லாரும் கட்டுகிறார்கள்.
அவர்களுக்காவது தூண் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்தே எடுத்தேன்.
கீழே தெருவில் மைக் கட்டி
ஆடித் தள்ளுபடி கூவிக்கொண்டிருந்தார்கள்.
இங்கே அறுபது வயதுக்கு
விலை ஏற்றம் மட்டும்.

"சர்க்கரைக்கு மூணு வருஷம் வெயிட்டிங்,
அது சம்பந்தமா எது வந்தாலும்."

பதினோரு வருஷமாய் என்னோடு
ஆவடி பஸ்ஸில் தொங்கி வந்த சர்க்கரையே,
கேட்டாயா?
இவர்கள் கணக்கில் நாம் இன்று பிறந்த குழந்தைகள்.
கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும்
இப்போதைக்குப் போகாதே.
பாதத்தில் ஏற்கெனவே நீ செய்கிற மரமரப்பை
நான் நான்காம் பக்கத்தில் மறைக்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது
ஏசி ஒரு சொட்டு விட்டது, பெயரின் மேல்.
ஊதிக் காயவைத்தேன்.

படியிறங்கும்போதே பேக்கிங் செக்‌ஷன் ராகினிக்கு போன்.
ஆகஸ்ட்டில் அவளுக்கு மாலை.
"அட்டையில போட்டிருக்கறத நம்பாதடி" என்றேன்.
மெஷின் சத்தத்தில் என்ன காதில் விழுந்ததோ,
"புடவை எடுத்துட்டேன்க்கா, மாம்பழக் கலர்" என்றாள்.
சாயங்காலம் மறுபடி கூப்பிட வேண்டும்.

இரவு, பழைய லெட்ஜர் ஒன்றில்
எழுதாத பக்கத்தைத் தேடிப் பிடித்தேன்.
ஆரம்ப இருப்பு: ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள்.
மாத்திரையை விழுங்கிவிட்டு
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
இன்று கொடுத்தது ஒன்று.
மீதி